திரும்பும் நேரம்



நம் ஆலத்தியூர் மலையில்லாத ஊர். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த சுண்ணாம்புக்கல் நிலம் இது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணுக்கு எட்டுவது சோளக்கொல்லையும் பருத்திக்காடும் சிமெண்ட் ஆலையின் கோபுரமும்தான். மலையைப் பார்க்க வேண்டுமானால் பெரம்பலூரைத் தாண்டிப் பச்சைமலை அடிவாரம் வரை போகவேண்டும். ஆகையால் நம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், இந்த வருடம் ஒரு மலையில் நடக்கவேண்டும் என்று கேட்டபோது அதை நான் வியப்பாக எண்ணவில்லை. சமவெளியில் வளர்ந்த கண்களுக்கு உயரத்தின்மேல் ஆசை இருப்பது இயல்பு.

அந்த ஆசையை ஆராதனைக்குப் பின் சபையில் அறிவித்தோம். எல்லாரும் கலைந்து சென்ற பிறகு ஒரு தாயார் மட்டும் நின்றார்கள். கணவரை இழந்தவர்கள். ஒரே மகன். "ஐயா, அவன் போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அங்கே வழி தவறினால் என்ன செய்வீர்கள்? மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லியிருந்தால் அவர்கள் தலையசைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களுடைய விசுவாசம் என்னுடையதற்குக் குறைந்ததல்ல. ஆனால் அவர்கள் கேட்டது ஆண்டவர் என்ன செய்வார் என்று அல்ல. நாங்கள் என்ன செய்வோம் என்று. அந்தக் கேள்விக்குச் செயலால் பதில் சொல்லும்வரை பயணத்துக்கு நாள் குறிப்பதில்லை என்று வாலிபர்களும் நானும் முடிவு செய்தோம்.

அந்தத் தாயார் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11ஆம் நாளை நம்மில் பலர் மறக்கவில்லை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு அருகே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டன. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் விடுமுறை நாளைக் கழிக்க வந்தவர்கள் அவர்கள். 23 உயிர்கள் போயின. பெரும்பாலோர் இளம் வயதினர். தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைப் பார்த்த எந்தத் தாயும், அந்தப் பிள்ளைகளில் தன் பிள்ளையின் முகத்தைக் காணாமல் இருந்திருக்கமாட்டாள்.

இறந்தவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த மலைச்சரிவிலிருந்து கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்கும் உரிமையில்லை. மார்ச் மாதத்தில் நம் மலைகளில் புல் முழுவதும் காய்ந்திருக்கும். தீ சமநிலத்தில் பரவுவதைவிட மேட்டை நோக்கி வேகமாகப் பரவும். கீழே எரியும் சுவாலையின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திச் சூடாக்கிவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. ஆகையால் காய்ந்த புல்சரிவில் தீயைக் கண்டு மேலே ஓடுவது, ஓடுகிறவனைவிட வேகமாக ஓடுகிற ஒன்றோடு பந்தயம் வைப்பதாகும். ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலம், புல்லில்லாத பாறை, அகன்ற ஓடைப்படுகை ஆகியவையே புகலிடம். எல்லாவற்றுக்கும் மேலாக, தீக்காலத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

அந்த விபத்துக்குப் பின் அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகளை வகுத்தது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டுப்பாதையில் நடக்க இயலாது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் 40 மலைப்பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைப்படுத்தித் திறக்கப்பட்டன. இணையவழியில் முன்பதிவு செய்தால், அந்தந்த மலையைச் சேர்ந்த வழிகாட்டிகள் உடன் வருவார்கள். சில வாலிபர்களுக்கு இந்த விதிகள் சலிப்பைத் தரலாம். அவற்றின் விலை என்ன என்று அறிந்தவர்களுக்குச் சலிப்பு வராது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். இவ்வளவு முன்னெச்சரிக்கை விசுவாசக் குறைவு ஆகாதா? வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி இதை நேராகவே கேட்டார். நான் இரண்டு நிகழ்ச்சிகளை அவருக்கு நினைவூட்டினேன். ஒன்று, தேவாலயத்தின் உச்சியில் நின்ற நம் ஆண்டவர். தூதர்கள் தாங்குவார்கள் என்று வேதத்தையே சொல்லிக் குதிக்கச் சொன்னவன் பிசாசு. குதிக்க மறுத்தவர் பிதாவை முழுமையாக நம்பியவர். மற்றொன்று, பவுல் கைதியாக ரோமாபுரிக்குச் சென்ற கப்பல். பருவம் கடந்துவிட்டது, இனிப் பயணம் வேண்டாம் என்று பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ கப்பலை நடத்துகிறவனையும் அதன் உரிமையாளனையும் நம்பினான். மெல்லிய தென்றல் வீசியது. நினைத்தது கைகூடிற்று என்று எண்ணிப் புறப்பட்டார்கள். பிறகு வந்தது பெருங்காற்று. கப்பலில் இருந்த 276 பேரும் பிழைத்தது தேவ கிருபை. ஆனால் புறப்படாமல் இருந்திருக்கலாம் என்று பின்னர் அவர்களுக்கு எடுத்துச் சொன்னவரும் அந்தப் பவுலே. விசுவாசி ஒருவர் வானிலையைப் பேசுவது வேதத்துக்குப் புதிதல்ல.

ஆகவே மூன்று மாதம் கற்றோம். மலையில் அல்ல, இங்கேயே, நம் ஊரிலேயே கற்றோம்.

முதல் பாடம் வரைபடம். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் 1:50,000 அளவுத் தாளில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். அதில் வளைந்து வளைந்து செல்லும் மெல்லிய கோடுகள் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை. அவற்றைச் சமஉயரக் கோடுகள் என்பார்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே வழக்கமாக 20 மீட்டர் உயரம். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சாய்வு. மேட்டை நோக்கி அவை கூராக வளைந்து நுழைந்தால் அது ஓடை வரும் பள்ளம்; பள்ளத்தை நோக்கிப் புடைத்திருந்தால் அது மலையின் முதுகு. இதை உணர்ந்த நாளில், ஒரு பிள்ளை பச்சைமலைத் தாளைப் பார்த்து, "ஐயா, மலை தெரிகிறது" என்றாள். காகிதத்தில் மலை எழுந்து நிற்பதைக் காண்பது ஒரு தனி மகிழ்ச்சி.

இரண்டாவது, திசைகாட்டி. மேடில்லாத ஊரில் இதைப் பழக முடியுமா என்று சிலர் ஐயப்பட்டார்கள். இந்தியா முழுவதையும் அளந்த பெரிய முக்கோண அளவையின் அடிக்கோடு 1802இல் சென்னை பரங்கிமலை அருகே போடப்பட்டது. வில்லியம் லாம்டன் தம் கருவிகளோடு தெற்கே வந்தபோது, காவிரிச் சமவெளியில் தொலைவைப் பார்க்க மலைகள் இல்லை. அவர் கோயில் கோபுரங்களை மலைகளாக்கிக்கொண்டார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல், ஏறக்குறைய அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. அவர் தம்மை அறையில் அடைத்துக்கொண்டு ஆறு வாரம் உழைத்து அதைச் சரிசெய்தார். தஞ்சைக்கு வடக்கே வாழும் நாம் இந்தக் கதையை நம் சொந்தக் கதையாகவே சொல்லலாம்.

நமக்கும் ஒரு கோபுரம் உண்டே. சிமெண்ட் ஆலையின் உச்சியும் ஊர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியும் எங்கள் இரு குறிகளாயின. கொல்லைவெளியின் நடுவே நின்று, ஒவ்வொரு குறியும் வடக்கிலிருந்து எத்தனை பாகையில் இருக்கிறது என்று திசைகாட்டியில் பார்ப்போம். வரைபடத்தில் அந்தக் குறியிலிருந்து நம்மை நோக்கி அதே கோணத்தில் ஒரு கோடு; மற்றக் குறியிலிருந்து ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடமே நாம் நிற்கும் இடம். முதல் வாரத்தில் எங்கள் கோடுகள் ஊர் ஏரிக்குள் வெட்டிக்கொண்டன. ஆறாவது வாரத்தில் நின்ற வரப்பையே காட்டின.

அலைபேசியில்தான் எல்லாம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. கோபுரச் சமிக்ஞை இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். ஆனால் வரைபடத்தை முன்னதாகப் பதிவிறக்காவிட்டால், வெற்றுத் திரையின்மேல் ஒரு நீலப்புள்ளியை மட்டுமே காட்டும். மின்கலம் தீர்ந்தால் அதுவும் இல்லை. ஆகையால் அலைபேசியும் எடுத்துச் செல்லுங்கள். காகிதமும் எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, நேரக் கணக்கு. ஸ்காட்லாந்துக்காரரான நெய்ஸ்மித் 1892இல் சொன்ன எளிய விதி இன்றும் உதவுகிறது. 5 கிலோமீட்டர் தூரத்துக்கு 1 மணி. ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக 1 மணி. நாங்கள் தெரிந்துகொண்ட பாதை 8 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். கணக்குப்படி 2 மணி 36 நிமிடம். ஆனால் அது பழகிய, தனியாக நடக்கும் வலுவான கால்களுக்குரிய கணக்கு. நம் வெயிலையும் கூட்டத்தையும் எண்ணி அதில் பாதியைக் கூட்டினோம். ஏறக்குறைய 4 மணி நேரம் வந்தது.

நான்காவது வானம். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நம் உள்மாவட்டங்களில் காலை தெளிவாக இருக்கும். பிற்பகலில் மேற்கே மலைகளின்மேல் மேகம் குவிந்து, மாலையில் இடியோடு கிழக்கே வரும். நம் விவசாயிகள் இதை நன்கு அறிவார்கள். காலிஃபிளவர்போல் மேகம் மேலே மேலே வளர்ந்து அதன் அடி கறுத்தால், மலையில் நிற்பவர் இறங்கத் தொடங்கவேண்டிய நேரம் அது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். 3 நொடிக்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் ஆபத்து எல்லைக்குள் நிற்கிறீர்கள். கடைசி இடிக்குப் பின்னும் 30 நிமிடம் காத்திருக்கவேண்டும். மலைமுதுகும் தனிமரத்தடியும் நிற்பதற்குரிய இடங்களல்ல. புறப்படும் முன் வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் நடவடிக்கை. மின்னலை முன்னறிவிக்கும் 'தாமினி' செயலியையும் அலைபேசியில் வைத்துக்கொள்ளலாம்.

மழையைவிட ஓடை வஞ்சகமானது. நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாதபோதும், மேலே பெய்த மழை சற்று நேரத்தில் வெள்ளமாய் இறங்கிவரும். 2015 மே மாதத்தில் சதுரகிரி மலைக்குச் சென்ற பக்தர்கள் திடீர் வெள்ளத்தில் சிக்கிச் சிலர் உயிரிழந்தார்கள். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், கரையேறிவிடுங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரைக் கடக்கவேண்டாம். காத்திருந்தால் பெரும்பாலும் வடிந்துவிடும்.

கடைசியாக, ஒருவரையொருவர் காக்கும் பாடம். மிக மெதுவாக நடக்கிறவரே முன்னால் நடக்கவேண்டும். அனுபவமுள்ள ஒருவர் கடைசியில். ஒவ்வொரு பிரிவிலும் தலை எண்ணவேண்டும். ஆளுக்கு ஒரு ஊதல். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி மீண்டும் ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். பகல் பயணமே ஆனாலும் டார்ச் விளக்கு, ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மழை உறை. பாம்பு கடித்தால் கீறுவதோ உறிஞ்சுவதோ கயிறு கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைவதே வைத்தியம். எங்கே போகிறோம், எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் பேசாவிட்டால் யாரை அழைப்பது என்று எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அந்தத் தாளை நாங்கள் கொடுத்தது, கேள்வி கேட்ட அந்தத் தாயாரிடமே. அவர்கள் அதை இரண்டு முறை படித்தார்கள். பிறகு மகனிடம், "போய்வா" என்றார்கள்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வனத்துறையின் அனுமதியோடு லாடபுரம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஏறினோம். மொத்தம் 14 பேர். மலையில் வாழும் ஒரு பெரியவர் வழிகாட்டியாக வந்தார். பகல் 12 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று முந்திய வாரமே முடிவு செய்து, அனைவரும் அதற்குச் சம்மதித்திருந்தோம். 7 மணிக்குத் தொடங்கவேண்டிய நடை, வேன் தாமதித்ததால் 7.45க்குத் தொடங்கியது. வழியில் ஒரு தங்கைக்குக் குதிகாலில் கொப்புளம். 12 மணி அடித்தபோது, போய்ச் சேரவேண்டிய மேட்டுக்கு இன்னும் முக்கால் மணி நடை இருந்தது. மேற்கே மேகம் வளரத் தொடங்கியிருந்தது. கீழே நாங்கள் கடந்துவந்த ஓடைகள் இரண்டு.

திரும்பினோம். வாலிபர்களின் முகம் வாடியது. இருவர் வெளிப்படையாகவே கோபித்தார்கள். நாங்கள் மூவர் மட்டும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார்கள். குழுவைப் பிரிப்பதற்கில்லை என்றேன். மூன்றரை மணிக்கு அடிவாரம் வந்து சேர்ந்தோம். மழை பெய்யவில்லை. மேகம் கலைந்தது, மாலை வெயில் மலைமேல் பொன்போல் படிந்தது. ஒரு தம்பி மலையை அண்ணாந்து பார்த்து, "மழையே வரவில்லையே ஐயா" என்றார். நான் பதில் தேடுவதற்குள் அந்தப் பெரியவர் பேசினார்: "வராதுன்னு தெரிஞ்சிருந்தா நானே உங்கள மேல கூட்டிப் போயிருப்பேன் தம்பி. தெரியாதப்போ இறங்கிடணும். மலை எங்கயும் போகாது."

பிரியமானவர்களே, அந்தச் சொற்களை நான் பல நாள் சிந்தித்தேன். ஒரு முடிவு சரியா தவறா என்பதை நாம் பெரும்பாலும் விளைவைக்கொண்டு அளக்கிறோம். மழை வந்திருந்தால் என்னை ஞானி என்றிருப்பார்கள். வராததால் பயந்தவன் என்றார்கள். ஆனால் 12 மணிக்கு எங்கள் கையில் இருந்தது அந்த மேகமும் இரண்டு ஓடைகளும் 14 உயிர்களும் மட்டுமே. அவற்றைக்கொண்டு எடுத்த முடிவு, மாலை வெயிலால் தவறாகிவிடாது. அப்படியே, எச்சரிக்கையை மீறிப் போய்ப் பிழைத்து வருகிறவனும் சரியாக நடந்தவன் ஆகிவிடமாட்டான். அவனுக்குக் கிடைத்தது இரக்கம். அதை அவன் தன் திறமை என்று எண்ணினால், அடுத்த முறை இன்னும் சற்று தூரம் போவான். வண்டி ஓட்டுவதிலும் கடன் வாங்குவதிலும் உடல்நோயைக் கவனிக்காமல் விடுவதிலும் நாம் இப்படித்தான் சிறிது சிறிதாகத் தூரம் போகிறோம்.

திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே குறித்துக்கொள்ளவேண்டும் என்பது இதனால்தான். உச்சி கண்ணில் பட்டபிறகு நம் மனம் நடுநிலையாக எண்ணுவதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பயணம் முடிந்ததும் திசைகாட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால், அடுத்த ஆண்டு அது நமக்கு அந்நியப் பொருளாகிவிடும். கைப்பழக்கம் சேமிப்பில் வைத்த பணம் அல்ல; தினமும் இறைக்காவிட்டால் தூர்ந்துபோகும் கிணறு. ஆகையால் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை வாலிபர்கள் ஆலய வளாகத்தில் கூடுகிறார்கள். ஒரு மணி நேரம் வரைபடம், ஊதல் அடையாளம், முதலுதவி, மேகம் பார்த்தல். கோபித்த இருவருமே இப்போது சிறுவர்களுக்குத் திசைகாட்டி கற்றுக்கொடுக்கிறார்கள். ஜனவரியில், தீக்காலம் தொடங்கும் முன், அதே பாதையில் மீண்டும் ஏறுவதாக எண்ணியிருக்கிறோம். அன்றும் ஒரு திரும்பும் நேரம் இருக்கும்.

இந்த வாரம் நீங்கள் மலைக்குப் போகப்போவதில்லை என்றாலும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு மாலையில் வெளியே நின்று, வடக்கு எது, காற்று எங்கிருந்து வருகிறது, மேற்கே மேகம் எப்படியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் ஈடுபட்டிருக்கும் ஏதேனும் ஒரு காரியத்தில், எந்த இடத்தில் நின்று திரும்புவீர்கள் என்று எழுதி, உங்களை நேசிக்கும் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

நம் போக்கையும் வரவையும் காக்கிறவர், நமக்குக் கண்களைத் தந்ததுபோலவே அவற்றைப் பயன்படுத்தும் மனத்தையும் தந்தருள்வாராக. ஆமென்.